கேசட்டுக்குப் பேர் வைத்த கதை

ஏற்காடு
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள மாப்ளே,

அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. நான் வைஃபையில் பேசிக்கொண்டிருந்ததால் லைனும் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டு விளக்குவதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. போனில் நீ எதையும் முழுசாகக் கேட்பதில்லை என்பது இன்னொரு காரணம்.

இங்கே பத்து நாளாக வெயில் முகம் பார்க்கவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி மட்டும்தான் சந்தோஷமாக இருக்கிறது. என் முழங்கால் அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகன் வாங்கித் தந்த இரண்டு ஸ்பீக்கரும் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன என்றாய். "போனில் இருக்கிற பாட்டைத்தானே பாடும், அதற்கு எதற்கு தனியாக நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி?" என்று கேட்டாய். பாட்டுக் கோப்புகளை டிஸ்கில் வைத்துக்கொண்டு, வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளுக்குக் கொடுக்கிற பெட்டி அது. நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். புளூடூத் ஸ்பீக்கருக்கு அது சரி. வைஃபை ஸ்பீக்கரின் கதை வேறு. நீ போனில் ஒரு பாட்டைத் தொட்டவுடன் ஸ்பீக்கரே நேராகப் பெட்டிக்குப் போய் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட். பாதியில் போனை அணைத்துப் பார்த்தேன், பாட்டு நிற்கவில்லை. இது புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் புரிந்தது. ஸ்பீக்கருக்குப் பெட்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும், உள்ளே நுழைய அனுமதி வேண்டும், உள்ளே இருப்பது என்னவென்று படிக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றிலும் நான் தனித்தனியாக அடிபட்டேன்.

முதல் இரண்டு நாள் ஸ்பீக்கர் பெட்டியைக் கண்டுபிடிக்கவே இல்லை. நான்தான் ஸ்பீக்கரை விருந்தாளிகளுக்கான 'கெஸ்ட்' வைஃபையில் சேர்த்திருந்தேன். அதில் சேருகிறவர் இன்டர்நெட்டுக்குப் போகலாம், வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாது. திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து காபி எடுத்து வா என்றால் எப்படி வரும்?

அடுத்தது முகவரி. மலையில் இடி இடித்தால் கரண்ட் போவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் திரும்ப உயிர் பெற்று, பெட்டிக்குப் புது முகவரி எண்ணைக் கொடுத்துவிடும். ஸ்பீக்கர் பழைய எண்ணிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதில் பெட்டிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடு. பெட்டியை வயர் போட்டு ரவுட்டரில் சொருகு, வைஃபை வேண்டாம். ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கி வை.

அனுமதி விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பேர். அதன் முதல் பதிப்பு ரொம்பப் பழசு. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீய மென்பொருள், விண்டோஸில் இருந்த அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதனால் இப்போது வரும் பெட்டிகளில் அதை மூடியே வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்பீக்கர் சிலவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும். பாட்டுக் கேட்கிற ஆசையில் அதைத் திறந்துவிடாதே. பெட்டியிலேயே, வீட்டுக் கருவிகளுக்குப் பாட்டு அனுப்புகிற டிஎல்என்ஏ மீடியா சர்வர் இருக்கும், உன் ஸ்பீக்கருக்கு அது புரியுமென்றால் அந்த வழியாகக் கேள். அப்புறம், ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒரு யூசர் போட்டு, படிக்க மட்டும் அனுமதி கொடு. அழிக்கிற உரிமை அதற்கு எதற்கு?

இத்தனையும் ஒரு வாரத்தில் முடிந்தது. பேர் வைக்கிற வேலைக்கு மூன்று மாதம் ஆனது மாப்ளே!

ஸ்பீக்கர் ஃபோல்டரைப் பார்த்துப் பாட்டைத் தேடுவதில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் படிக்கிறது: பாட்டு, ஆல்பம், பாடியவர். நம் சினிமாப் பாட்டில் ஒரு படத்துக்கு ஆறு பாடகர்கள். அதனால் ஒரே படம் ஆறு துண்டாகிப் பட்டியலில் சிதறிக் கிடந்தது. 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளர் பேரைப் போட்ட பிறகுதான் ஒன்று சேர்ந்தது. என்னிடம் பி.சுசீலா ஐந்து பேராக இருந்தார்! ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் யாரோ அடித்த பேர்கள் வெறும் கிறுக்கலாக வந்தன. எம்பி3டேக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நூறு கோப்பை ஒரே தடவையில் திருத்தலாம். திருத்தி முடித்தபின் ஸ்பீக்கர் ஆப்பில் லைப்ரரியைப் புதுப்பிக்கச் சொல்ல மறக்காதே. நான் மறந்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க எரிச்சலில் இருந்தேன்.

கேசட்டுகளையும் ஏற்றிவிட்டேன். அதில் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிஷக் கேசட் என்றால் அறுபது நிமிஷம் ஓடித்தான் ஆக வேண்டும். டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு, பிறகு ஃபிளாக் கோப்பாகச் சேமிப்பு. ஃபிளாக்கில் ஒலியின் தரம் கொஞ்சமும் குறையாது, இடம் ஏறக்குறைய பாதியாகும். பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு டிஸ்க் இருந்தாலும், நான் ஒரு பாட்டை அழித்தால் இரண்டிலும் அழியும். அதனால் இன்னொரு பிரதியை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றின் முதுகில் நீல மையில் 'ஹாஸ்டல் - அழிக்காதே' என்று உன் கையெழுத்து. 1980 ஆக இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் நீ பக்கெட்டைக் கவிழ்த்துத் தாளம் போடுகிறாய், நான் சுருதியே இல்லாமல் பாடுகிறேன், வார்டன் வருகிறார் என்று யாரோ கத்துகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒருவன் தனியாகப் பாடுகிறான். நாம் யாருமே பேசவில்லை. நாலு நிமிஷம், அவ்வளவு நல்ல குரல். குகைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவானே, ஒல்லியாக, அவனா? இல்லை, உன் ரூமுக்கு எதிர் ரூமில் இருந்தவனா? எத்தனை தடவை கேட்டும் எனக்குப் பேர் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்குகிறேன். அம்மாபேட்டைக்கு வந்து உன் ஸ்பீக்கரை நானே மாட்டித் தருகிறேன், நீ தட்டுவடை செட் வாங்கி வை. அதற்குள் அந்தப் பையன் பேரை யோசித்து வை. பாடியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

உன்
மலைவாசி