வாத்தியார் விட்டுச்சென்ற மெட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 13 இசை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாள். ஆண்டுதோறும் சிலைக்கு மாலை விழுகிறது. கூடவே, அவர் எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் கட்டியபோது பார்த்தவர்கள் மிரண்டுபோன கதைகளும் சுற்றிவருகின்றன. 1867-ல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிவிட்டு, 24 வயதில் மேடை ஏறியவர். பெரிய நடிகர்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இசை நாடகக்காரர்கள் இன்றைக்கும் பிழைப்பது அவர் வாத்தியாராக (நாடகம் எழுதிப் பயிற்றுவிப்பவராக) இருந்து வகுத்த பாடத்தால்.

அவருக்கு முன் வசனம் பெரும்பாலும் நடிகரின் வாய்க்கு வந்தபடி. அவர் விருத்தம், வெண்பா, கீர்த்தனை, தர்க்கம் (இருவர் மாறி மாறிப் பாடும் வாதம்) என்று வரிசை கட்டி, எந்த இடத்தில் எது வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதனால்தான் புதுக்கோட்டை ராஜபார்ட்டும் (கதாநாயகன் வேடக்காரர்) மதுரை ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி வேடக்காரர்) காரைக்குடி ஆர்மோனியமும் ஒப்பனை அறையில் முதல்முறையாகச் சந்தித்தாலும், ஒத்திகையே இல்லாமல் ‘வள்ளி திருமணம்’ நடத்திவிட முடிகிறது. வசனத்தின் கடைசிச் சொல் காதில் விழுந்ததும், அடுத்து என்ன பாட்டு என்பது ஆர்மோனியக்காரருக்குத் தெரியும்.

1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கி அவர் சிறுவர்களை எடுத்ததற்குக் காரணம், பெரியவர்கள் பாடத்துக்குக் கட்டுப்படாததுதான். பின்னாளில் பெயர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சிறுவர்களால் இன்னொரு வசதியும் உண்டு: குரல் உடையாதவரை ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே உயர்ந்த சுருதியில் பாடலாம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் அந்தச் சுருதிதான் கடைசி வரிசைவரை போகும். சிக்கல் மகரக்கட்டில், அதாவது குரல் உடையும் பருவத்தில், வரும். குரல் உடைந்த பையனுக்கு மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயி ‘ஸ’) எட்டாது, வேடம் கைமாறும். ஒரு வேடத்தை இரண்டு பேராவது பாடம் பண்ணி வைத்திருந்தால்தான் கம்பெனி தப்பும்.

இன்றைய மேடையில் ஆணுக்கு ஒன்றரைக் கட்டை (சுருதி அளவு) இயல்பு என்றால் பெண்ணுக்கு ஐந்து. தர்க்கத்தில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது ராஜபார்ட் தொண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறுகிறார். ஏற முடியாதவர் பாட்டை வசனமாக்கிவிடுகிறார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வேறு. நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இரண்டாம், மூன்றாம் சரணங்கள். பபூன் காமிக்கில் (கோமாளியின் நகைச்சுவைப் பகுதியில்) யாரும் கைவைப்பதில்லை! இப்படித்தான் பல பாட்டுகள் பல்லவியும் ஒரு சரணமுமாக நிற்கின்றன.

அச்சுப் புத்தகம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் காலப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இராகம், தாளம் இருக்கும். பல இடங்களில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு (அந்தப் பாட்டின் மெட்டிலேயே பாடவேண்டும்) என்று மட்டும் இருக்கும். அந்த மூலப் பாட்டு மறந்துபோனால் மெட்டும் போயிற்று. சுரக்குறிப்பு கிடையாது.

ஆகவே, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூத்த கலைஞர்களைப் பாடவைத்துப் பதிவு செய்ய வேண்டும். கச்சேரி மாதிரி ஒரே மைக் வைத்தால் ஆர்மோனியம் குரலை விழுங்கிவிடும். குரலுக்கும் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனி மைக் வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, இராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), பாட்டுக்கு முன் வரும் வசன வரி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எல்லாச் சரணங்களும் வேண்டும். அச்சிலிருந்து மாறிப் பாடினால் திருத்தக் கூடாது. அந்தப் பாடபேதத்தை அப்படியே எழுதிவைக்க வேண்டும். அதே பாட்டை வேறொரு வட்டாரக் கலைஞரிடமும் கேட்டு வாங்கினால், எது மூலம், எது பின்னால் வந்த சங்கதி (மெட்டில் சேர்ந்த மாற்றம்) என்று ஓரளவு பிரித்துவிடலாம். சுரக்குறிப்பு எழுதுகிறவருக்குச் சபாக் கச்சேரிச் சங்கீதம் மட்டும் தெரிந்தால் போதாது, மேடை ஆர்மோனியப் பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் நாடகப் பாட்டின் வேகத்தையும் வெட்டி வெட்டிப் பாடும் பாணியையும் ‘பிழை’ என்று நீவிவிடுவார்.

‘வள்ளி திருமணம்’ இன்னும் ஊர் ஊராக நடக்கிறது, அது காத்திருக்கலாம். அரிதாகவே மேடை ஏறும் ‘சுலோசனா சதி’யிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
இசை நாடக ரசிகர்கள்,
மதுரை