செயலாளரின் ஆண்டறிக்கை: நெடுநடையின் நினைவும் நமது வாசகர் வட்டமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்தப் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கியில் இயங்கிவரும் நமது தமிழ் வாசகர் வட்டத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைச் செயலாளர் என்ற பொறுப்பில் உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக் கூடல் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது. சிறுவர் கதை நேரம் 8 முறை நடந்தது. புத்தக அலமாரிக்குச் சில புதிய நூல்கள் வந்து சேர்ந்தன. செயற்குழு 6 முறை கூடியது.

இந்த ஆண்டின் முதன்மைப் பணியாக நாம் எடுத்துக்கொண்டது, நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களை 1860-களில் படை அவர்களுடைய மண்ணிலிருந்து நடத்தியே வெளியேற்றிய நெடுநடையைப் பற்றிய வாசிப்பும், அதையொட்டிய சந்திப்பும் பயணமும் ஆகும். இதை முன்மொழிந்தவன் நான் என்பதால், இதைப் பற்றி எழுந்த கேள்விகளுக்கு விடை சொல்லும் கடமையும் எனக்கே உண்டு. தமிழ் படிப்பதற்கென்று தொடங்கிய வட்டத்திற்கு நவாஹோக்களின் கதை எதற்கு என்று செயற்குழுவிலேயே இருவர் கேட்டனர். குழுச் செய்திகளில் இன்னும் சற்றுக் கடுமையாகவே கேட்கப்பட்டது. நாம் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து வாழ்கிற ஊர் அந்த மக்கள் நடத்திச் செல்லப்பட்ட வழியில் இருக்கிறது என்பதுதான் என் விடை. மேற்கே இருந்த படைமுகாமான விங்கேட் கோட்டையிலிருந்து கிளம்பிய கூட்டங்களில் பல, ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து, இந்த ஊர் வழியாக டிஹெராஸ் கணவாயில் ஏறிக் கிழக்கே போயின. நாம் வாரந்தோறும் காரில் கடக்கிற அதே கணவாய்தான் அது. நமது கூட்டம் நடக்கும் மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில் நின்றால் மேற்கே தொலைவில் டெய்லர் மலை தெரியும். அவர்கள் மொழியில் ட்சோட்சில் எனப்படும் அந்த மலை, தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்ளும் அம்மக்களின் நாட்டிற்குத் தெற்கு எல்லையாக நிற்கும் புனித மலை.

வராதவர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1863-இல் அமெரிக்கப் படையின் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டனின் உத்தரவின்படி கர்னல் கிட் கார்சனின் படை நவாஹோ நாட்டிற்குள் புகுந்து, சோளக் கொல்லைகளை எரித்து, ஆடுகளைக் கொன்று, கிணறுகளையும் ஊற்றுகளையும் கெடுத்து, மக்கள் பசியினால் தாமாகவே சரணடையும் நிலையை உண்டாக்கியது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வளர்த்த பீச் மரங்கள் 1864 கோடையில் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பிறகு 1864 முதல் 1866 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்களாக, சுமார் முந்நூறு மைல் தொலைவை நடக்கவைத்து, பெக்கோஸ் ஆற்றங்கரையில் பாஸ்கே ரெடோண்டோ என்ற வெட்டவெளியில், சம்னர் கோட்டையின் காவலில் அவர்களை அடைத்தனர். அங்கே ஒரு கட்டத்தில் 8,000-க்கும் மேற்பட்ட நவாஹோக்களும், அவர்களோடு சுமார் 500 மெஸ்கலேரோ அபாச்சிகளும் இருந்தனர். ஆற்று நீர் உவர்ப்பு; சோளத்தைப் புழு தின்றது; விறகுக்கு மைல்கணக்கில் நடந்து மெஸ்கீட் என்ற முள்மரத்தின் வேரைத் தோண்டி முதுகில் சுமந்து வந்தனர். 2,000-க்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். அந்த இடத்தை அவர்கள் ஹ்வேல்தி என்று சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மாதக் கூட்டங்களில் நாம் படித்தது, 1973-இல் நவாஹோ சமுதாயக் கல்லூரி வெளியிட்ட, முதியவர்கள் தங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டதைச் சொன்ன தொகுப்பிலிருந்து. படைத்துறை ஆவணங்கள் எத்தனை மூட்டை மாவு, எத்தனை தலைகள் என்று எண்ணி எழுதியிருக்கின்றன. முதியோர் சொல்வதோ வேறு வகையானது. கனாடோவைச் சேர்ந்தவரும் நவாஹோ மன்றத்தில் பொறுப்பு வகித்தவருமான ஹோவர்ட் கோர்மன் சொன்ன பகுதியை நானே மொழிபெயர்த்து வாசித்தேன். அவர் முன்னோரின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. இந்த ஊருக்குத் தெற்கே ஓரிடத்தில் அவளால் நடக்க முடியாமல் போயிற்று. குடும்பத்தார் கூட்டத்தை நிறுத்தும்படி சிப்பாய்களிடம் கெஞ்சியும் அவர்கள் கேட்கவில்லை. அவளை விட்டுவிட்டு நடக்கச் சொன்னார்கள். பெற்றோர் மகளிடம் விடைபெற்றுச் சிறிது தூரம்தான் போயிருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வாசித்து முடித்ததும் அன்று அறையில் இருந்த 6 பேரும் வெகுநேரம் பேசவில்லை. 41 உறுப்பினர் உள்ள வட்டத்தில் 6 பேர் என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்து, முதியவர் ஒருவரை நேரில் அழைத்த நிகழ்ச்சி. நூலகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் மூலம், தொகுப்புகள் எதிலும் இடம்பெறாத, நெசவு செய்து வாழும் ஒரு மூதாட்டியின் அறிமுகம் கிடைத்தது. ஆகஸ்டு மாதத்தில் நாள் குறித்து, மண்டபத்திற்கு முன்பணமும் கட்டிவிட்டோம். அதன் பிறகுதான், தங்கள் குடும்பத்தில் பழைய கதைகளைப் பனி விழத் தொடங்கிய பின்பே சொல்வது வழக்கம் என்று அவருடைய பேத்தி தெரிவித்தார். நாளை மாற்றினோம், முன்பணம் திரும்பி வரவில்லை. வட்டத்தின் பணத்தைச் செயலாளர் வீணாக்கினார் என்று சொல்லப்பட்டதை நான் அறிவேன். அழைப்பதற்கு முன் அவர்கள் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பிழை. அதை ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையில் பாதியை நான் செலுத்திவிட்டேன். ஆனால் ஒரு முதியவரின் வழக்கத்தை மீறி, மண்டப வாடகைக்காக அவரைக் கோடையில் பேசச் சொல்லியிருக்க வேண்டும் என்று எவரேனும் கருதினால், அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

டிசம்பர் மாதம் அவர் வந்தார். முதலில் தம் தாயின் குலத்தையும், அடுத்துத் தந்தையின் குலத்தையும், பிறகு தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா ஆகியோரின் குலங்களையும் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் நவாஹோ மொழியில் பேசப் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னார். பேசிய இரண்டு மணி நேரமும் மூதாட்டியின் வலக்கை பேத்தியின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. சில இடங்களில் அவர் அந்தக் கையை இலேசாக அழுத்துவார். பேத்தி அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் நிறுத்திவிடுவார். அது எங்களுக்கு உரியதன்று என்று நாங்களும் புரிந்துகொண்டோம். ஹ்வேல்தியைப் பற்றிப் பேசினால் அந்தத் துன்பத்தையே மறுபடி அழைத்ததாகும் என்று அவருடைய தாயார் பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லையாம். 2020-இல் கொரோனா நவாஹோ நாட்டில் முதியவர்கள் பலரைக் கொண்டுபோன பிறகுதான், இனியும் சொல்லாமல் இருப்பதற்கில்லை என்று தாம் முடிவு செய்ததாகச் சொன்னார்.

அவர் முன்வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஒலிப்பதிவு கூடாது, படம் கூடாது, கேட்டதை எழுதியும் வைக்கக் கூடாது. அதனால்தான் அவர் சொன்ன குடும்பக் கதை இந்த அறிக்கையில் இல்லை. எழுதிக்கொள்ளலாம் என்று அவரே அனுமதித்தது ஒன்று உண்டு. நமது உறுப்பினர் ஒருவர் டபராவில் காபி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மூதாட்டி அதை வாங்கி, குடிக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் கொள்ளுப்பாட்டிக்குப் படைவீரர்கள் காபிக்கொட்டையைப் பங்கீடாகக் கொடுத்தபோது அது என்னவென்றே தெரியாமல், மொச்சை என்று நினைத்து வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுக் கொட்டையை மெல்லப் பார்த்தார்கள் என்றார். கோதுமை மாவையும் அப்படித்தான், வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்தார்கள் என்றார். பிறகு காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார்.

அன்று வந்தவர்கள் 11 பேர். வருவதாக உறுதி சொன்னவர்கள் 27 பேர். மறுநாள் காலை முதல், காணொலி அனுப்புங்கள் என்று எனக்கு வந்த செய்திகள் 14. நிபந்தனையை அழைப்பிலேயே எழுதியிருந்தோம். இரண்டு முறை நினைவூட்டலும் அனுப்பினோம். அப்படியிருந்தும், யாராவது கைப்பேசியில் கொஞ்சமாவது எடுத்திருப்பீர்களே என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவரும் எடுக்கவில்லை; எடுத்திருந்தால் நான் அவரை மன்னித்திருக்கமாட்டேன். 150 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கதை ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லியும் கேட்டும் மட்டுமே வந்திருக்கிறது. அன்று வராதவர்களுக்கு அதைத் திரும்பக் கொடுக்க என்னிடம் வழி இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மார்ச் மாதத்தில் சம்னர் கோட்டைக்குப் பயணம் சென்றோம். சுமார் 160 மைல் தொலைவு. மூதாட்டியை உடன் வருமாறு கேட்டபோது, தாமோ தம் தாயோ அங்கே கால் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டோம் என்று பேத்தி மூலம் சொல்லி அனுப்பினார். அங்கே இப்போதுள்ள நினைவகம் 2005-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1990-இல் அங்கே வந்த நவாஹோ இளைஞர்கள் சிலர், தங்கள் மக்கள் பட்டதைப் பற்றி இங்கே ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நினைவகம் அமைந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம். நவாஹோ கட்டடக் கலைஞர் டேவிட் ஸ்லோன் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில், அவர்களுடைய ஹோகன் வீட்டின் சாயலும் அபாச்சிகளின் கூடாரத்தின் சாயலும் சேர்ந்திருக்கின்றன. வெளியே, சொந்த மண்ணிலிருந்து மக்கள் கொண்டுவந்து வைத்த கற்கள் குவிந்து கிடக்கின்றன. நம்முடன் வந்த 9 வயதுச் சிறுமி அவற்றில் ஒன்றைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இந்த ஆண்டு முழுவதும் பட்ட சிரமத்திற்கு அந்தக் காட்சி எனக்குப் போதுமானதாக இருந்தது.

1868 ஜூன் 1-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தானதும் இதே இடத்தில்தான். அவர்களை ஓக்லஹோமாப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று அரசின் சார்பில் பேச வந்த ஜெனரல் ஷெர்மன் எண்ணியிருக்க, நவாஹோ தலைவர் பார்போன்சிட்டோ தம் சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று நின்று பேசி வென்றார். அதற்கு முன் மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று ஓநாய் இனத்து விலங்கான கயோட்டி ஒன்றை, பெண் கயோட்டியை, பிடித்ததையும், பார்போன்சிட்டோ அதன் வாயில் வெண்சங்கு மணியை வைத்து விட்டதும் அது மெல்ல மேற்கு நோக்கி நடந்ததையும், வீடு திரும்புவோம் என்று அவர்கள் அதனால் அறிந்ததையும் முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஜூன் 18 அன்று பத்து மைல் நீளத்திற்கு அணிவகுத்து அவர்கள் கிளம்பினார்கள். நமது ஊரிலிருந்து மலையின் உச்சியைக் கண்டபோது அது தங்கள் மலைதானோ என்று வியந்ததையும், வீடு சேர்ந்ததும் வயதானவர்கள் சிலர் மகிழ்ச்சியில் அழுததையும் அவர்களுடைய இன்னொரு தலைவர் மனுவெலிட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். பயணத்திற்கு 24 பேர் பெயர் கொடுத்ததால் 2 வேன்கள் அமர்த்தினோம். வந்தவர்கள் 9 பேர். ஒரு வேன் காலியாகவே நின்றது. அதற்கும் வாடகை கொடுத்தோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, விரிவான கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் செலவு வரவைச் சற்று மீறியிருக்கிறது. முந்தைய ஆண்டின் கையிருப்பிலிருந்து அதைச் சமாளித்தோம். 41 உறுப்பினர்களில் 19 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. அவர்களில் சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. நெடுநடைக்கே பணம் முழுதும் போய்விட்டது என்று பேசப்படுவது சரியன்று. நிலுவைச் சந்தா வந்திருந்தால் இந்தப் பற்றாக்குறையே வந்திராது.

மண்டப உதவி செய்த நண்பர்களுக்கும், நூலக நண்பருக்கும், வேன் ஓட்டிய இரு உறுப்பினர்களுக்கும், சமையல் பொறுப்பை ஏற்ற குடும்பங்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி. மூதாட்டிக்கும் அவர் பேத்திக்கும் நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை வந்த 11 பேரும் அறிவார்கள்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்டோ ராக்கில் உள்ள நவாஹோ நாட்டு அருங்காட்சியகத்திற்கும், அங்கிருந்து கேன்யன் டி ஷேவிற்கும் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். 1868 உடன்படிக்கையின் மூலப்படி ஒன்று ஒரு வீட்டுப் பரணில் நெடுங்காலம் கிடந்து, 2019-இல் அந்த அருங்காட்சியகத்தின் வழியாக அந்த மக்களிடமே வந்து சேர்ந்தது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் அடிக்கு நவாஹோ வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. படைக்கு அகப்படாமல் மக்கள் மேலேறி ஒளிந்து, இரவில் கயிறு விட்டு நீர் எடுத்துப் பிழைத்த கோட்டைப்பாறை அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். மூதாட்டியும் இன்னொரு முறை வரச் சம்மதித்திருக்கிறார். ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. நிலுவைச் சந்தாவும் வருகை உறுதியும் அக்டோபர் 15-க்குள் எனக்குக் கிடைத்தால், எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லி அவருக்கு எழுத முடியும். பொறுப்பில் தொடர வேண்டும் என்று உறுப்பினர்கள் விரும்பினால் தொடர நான் தயார். வேறு ஒருவர் முன்வந்தால், மூதாட்டி வீட்டு முகவரியையும் அவருடைய வழக்கங்களையும் நேரில் உட்கார்ந்து சொல்லி ஒப்படைக்கவும் தயார். பதிவேடு வாசலில் இருக்கிறது. போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்