அறிக்கையில் இல்லாத ஒன்பது நிமிடம்

அன்பு மகளுக்கு,

நிருபர் வேலையில் சேர்ந்துவிட்டாய். இனி தினமும் உன் மேசையில் முதலில் வந்து விழுவது ஏதாவதொரு அதிகாரியின் அறிக்கையாகத்தான் இருக்கும். நேரத்துக்கு வரும், பிழை இருக்காது, பொறுப்புக்கு ஒரு பெயரும் இருக்கும். அப்படியே போட்டால் யாரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். பத்திரிகைகள் அதிகாரத்துக்கு வளைந்துகொடுப்பதில் பயத்தைவிட இந்தச் சௌகரியத்துக்குத்தான் பங்கு அதிகம்.

2020 மே 25 அன்று அமெரிக்காவில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்ததும் மினியாபொலிஸ் நகரப் போலீஸ் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படி. எதிர்த்தார், விலங்கு மாட்டினார்கள், உடம்புக்கு முடியாதவர்போலத் தெரிந்தார், ஆம்புலன்ஸை அழைத்தார்கள். போலீஸ்காரர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய ஒன்பது நிமிடத்துக்கும் மேலான நேரம் அதில் எங்கேயும் இல்லை. வழியில் நின்ற 17 வயதுப் பெண் செல்போனில் எடுத்த வீடியோதான் அதைக் காட்டியது.

அதனால் அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்: செய்தது யார், எத்தனை மணிக்கு, பார்த்தது யார். 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்று ஆளே இல்லாமல் வரும் வரியில்தான் ஓட்டை இருக்கும். கேட்டும் பதில் வராவிட்டால், கேட்டோம், சொல்லவில்லை என்று செய்தியிலேயே எழுது. இன்னொன்று, செய்திக்குள் 'போலீஸ் கூறுகிறது' என்று கவனமாகப் போட்டுவிட்டு, இடமில்லை என்று தலைப்பில் அதை வெட்டிவிடுவார்கள். தலைப்பு போடும் டெஸ்க்கோடு சண்டை போடுவதென்றால் அதற்குப் போடு.

பதவி உயர்ந்தவருக்குத்தான் விவரம் தெரியும் என்று நம்பாதே. 2003 ஈராக் போருக்கு முன், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க அரசின் மேல்மட்டம் சொன்னதைப் பெரிய பத்திரிகைகள் பலவும் அச்சிட்டன. நைட் ரிடர் பத்திரிகை நிறுவனத்தின் நிருபர்கள் லாண்டே, ஸ்ட்ரோபல் இருவரும் உளவுத்துறையில் கீழே வேலை பார்த்தவர்களைக் கேட்டு, ஆதாரம் பலவீனம் என்று அப்போதே எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டது 2004 மே 26-இல்.

பிரஸ் மீட்டுக்கு மட்டும் வேறு வழி வேண்டும். மில்கிராம் என்ற உளவியலாளரின் சோதனையில், நடத்துபவர் சொன்னார் என்பதற்காக இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பக்கத்திலிருந்த இருவர் மறுத்துவிட்ட இன்னொரு சுற்றில் 40 பேரில் 4 பேர்தான் போனார்கள். துணை இருந்தால் எதிர்ப்பது சுலபம். எதிரே இருப்பவர் நழுவினால், அடுத்த நிருபர் தன் கேள்வியை விட்டுவிட்டு உன்னுடையதையே மறுபடி கேட்கட்டும். நீயும் அவருக்கு அப்படியே செய். உள்ளே போகுமுன் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மைக் கைக்கு வந்தபின் நேரம் இருக்காது.

அன்புடன்,
அப்பா