இணையக் கேசினோ புள்ளிகளின் உண்மை மதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருந்தும், புளியரையைக் கடந்து ஆரியங்காவு சென்று கேரளச் சீட்டு வாங்கிவருவோர் எங்கள் செங்கோட்டைப் பகுதியில் உண்டு. சீட்டின் விலையாவது அவர்களுக்குத் தெரியும். இணையக் கேசினோக்கள் 'தங்க உறுப்பினர்', 'விசுவாசப் புள்ளி' என்று வழங்கும் சலுகைகளின் விலையோ ஆடுபவர் கண்ணில் படுவதில்லை.

பெரும்பாலும் இப்புள்ளிகள், வென்றாலும் தோற்றாலும், கட்டிய பந்தயத் தொகை முழுவதற்கும் கணக்கிடப்படுகின்றன. ஒற்றைப் பூச்சியம் கொண்ட ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டத்தில் நிறுவனத்தின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, 2.7 விழுக்காடு என்பதால், மொத்தம் 10,000 ரூபாய் கட்டுபவர் சராசரியாக 270 ரூபாய் இழப்பார். நூறு ரூபாய்க்குப் பத்துக் காசு மதிப்புள்ள புள்ளி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், திரும்பி வருவது பத்தே ரூபாய்.

தளம் தரும் போனசைப் பணமாக எடுக்க, அதைப்போல் முப்பது மடங்கு பந்தயம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இதனினும் கொடிது. 1,000 ரூபாய் போனசுக்காக, நிறுவனத்துக்கு நான்கு விழுக்காடு சாதகமுள்ள ஸ்லாட் என்னும் சுழல்பட ஆட்டத்தில் 30,000 ரூபாய் கட்டினால், சராசரி இழப்பு 1,200 ரூபாய். உறுப்பினர் நிலை பறிபோகுமே என்ற அச்சத்தில் கூடுதலாக ஆடுவது தனி.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2025இல் சட்டம் இயற்றியுள்ளது. எனினும், வெளிநாட்டுத் தளங்களின் ஆசைவார்த்தைகளுக்கு மயங்குவோருக்காக, இத்தகைய கணக்குகளைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், செங்கோட்டை