என் முதல் கமிட்டைப் பொறுமையாகப் படித்தவருக்கு நன்றி

யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு நான் அனுப்பிய முதல் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) நேற்று இரவு மெர்ஜ் ஆனது, அதாவது திட்டத்தின் கோடில் சேர்ந்தது. அதற்குக் காரணமானவரின் புனைபெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் திருத்தியது சின்ன விஷயம். நீளமான தலைப்புகளைச் சுருக்கும் ஃபங்ஷன், தமிழ் எழுத்தை நடுவில் வெட்டிவிடும். 'கி' நமக்கு ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த 2 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். அதைச் சரிசெய்தேன். ஆனால் அதே கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத் தொகுப்பில்), தொடர்பே இல்லாத பல கோப்புகளின் இடைவெளிகளையும் என் எடிட்டர் மாற்றியிருந்தது. போதாததற்கு மெயின் கிளையோடு, அதாவது திட்டத்தின் முதன்மைக் கோடோடு, கான்ஃப்ளிக்ட் (மோதல்) வேறு.

அவர் நிராகரித்துவிட்டுப் போயிருக்கலாம். வரி வரியாகப் படித்தார். "திருத்தம் சரி, இடைவெளி மாற்றங்களை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று எழுதி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் ரீபேஸ் செய்வதை (என் மாற்றங்களைப் புதிய மெயின் கிளையின் மேல் மறுபடி அடுக்குவதை) ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம், பழைய கோடில் தோற்று, புதியதில் தேறும் ஒரு டெஸ்ட் (கோடைத் தானாகச் சோதிக்கும் நிரல்) எழுதச் சொன்னார். அது சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியபோதுதான் நான் எதைத் திருத்தினேன் என்பதே எனக்கு முழுசாகப் புரிந்தது. கமிட் செய்தியைக்கூட விடவில்லை: "என்ன மாறியது என்று டிஃப்பே (பழைய, புதிய வரிகளின் ஒப்பீடே) காட்டும், ஏன் என்று எழுதுங்கள்."

சம்பளமில்லாமல், தன் சொந்த நேரத்தில் இதையெல்லாம் செய்தார். ரொம்ப நன்றிங்க. அடுத்த இஷ்யூவை (திட்டத்தில் பதிவான சிக்கலை) எடுத்துவிட்டேன், இந்த முறை டெஸ்ட்தான் முதலில்.