ஏரிக்கரைக் குதிரைக்காரர்களுக்கு ஒரு சீட் தையற்காரன் எழுதுவது

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை விடும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மூஞ்சிக்கல் பக்கம் ஜீப் சீட்டும் சோபாவும் தைக்கிறவன் நான். உங்களில் சிலர் சேணத்துக்கு அடியில் போட்டிருக்கும் மெத்தை என் மிஷினில் ஓடியதுதான். இரண்டு அங்குல ஸ்பாஞ்சு, மேலே சிவப்பு ரெக்சின், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். பார்க்க ஜோராக இருக்கும். அதைத் தைத்துக் கொடுத்தது என் தப்பு.

போன சீசன் முடிகிற சமயம், ஒரு தம்பி தன் மட்டக்குதிரையைக் கடை வாசலுக்கே ஓட்டி வந்தான். "அண்ணே, இன்னும் ஒரு அங்குலம் ஏத்திக் குடுங்க. முதுகுல கை வச்சாலே நெளியுது" என்றான். சேணத்தைக் கழற்றச் சொன்னேன். ஏரியை ஒரு முழுச் சுற்று, ஐந்து கிலோமீட்டர், சுற்றி வந்த குதிரை. முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து கறுத்திருந்தது. பிடரி முடிகிற இடத்தில் எலும்பு மேடாக எழும்புமே, அதற்கு இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த இடத்தில் ஐந்தாறு வெள்ளை மயிர்.

அந்த இடம் மட்டும் வேர்க்காமல் சுகமாக இருக்கிறதோ என்றுதான் நான் நினைத்தேன். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டபோது நேர்மாறாகச் சொன்னார். சுற்றிலும் நனைந்து நடுவில் மட்டும் காய்ந்து, தொட்டால் குதிரையும் நெளிந்தால், வேர்வை வரக்கூட வழியில்லாமல் சேணம் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தமாம். வெள்ளை மயிர் அதே இடத்தில் முன்பு பட்ட காயத்தின் அடையாளம். மயிர் வேரில் நிறம் கொடுக்கிற செல் செத்துப்போனால் திரும்ப வெள்ளையாகத்தான் முளைக்கும்.

சரி, அழுத்துகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் மெத்தை வைத்தால் என்ன? அளவு பத்தாத கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் பாருங்கள், தெரியும். குறுகலான சேணம் இன்னும் குறுகிப் பிடிக்கும். மெத்தை உயர உயரச் சேணம் ஆடும். ஆடுகிறதே என்று வயிற்று வாரை நீங்கள் இன்னும் ஒரு ஓட்டை இறுக்குவீர்கள். ஸ்பாஞ்சோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் அப்பளமாகிவிடும். ரெக்சினில் காற்றுப் போகாது. நம் ஊர் மஞ்சிலும் தூறலிலும் அது குடித்த தண்ணீர் மறுநாள் காலையிலும் காய்வதில்லை. அந்த ஈரத்தையே திரும்பக் குதிரை முதுகில் போடுகிறோம்.

கம்பளிதான் சரி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. வேர்வையை முதுகிலிருந்து வாங்கி வெளியே விடும். மன்னவனூர்ப் பண்ணையில் ஆட்டோடு போட்டோ எடுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், அந்த ரோமத்தின் அருமைதான் நமக்குத் தெரியவில்லை. அழுத்திக் கெட்டியாக்கிய கம்பளியை ஃபெல்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அரை அங்குலம் போதும், ஒரே அடுக்கு. கோணிச் சாக்கு வேண்டவே வேண்டாம், அதன் முடிச்சே புண்ணாக்கும்.

போடுகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் இழுங்கள், மயிர் படியும். சேணத்தின் அடியில் நடுவே வாய்க்கால் மாதிரி ஓர் இடைவெளி இருக்கும். வாரை இறுக்குவதற்கு முன் மெத்தையை அதற்குள் மேலே தூக்கிவிடுங்கள். முதுகுத்தண்டில் எதுவும் படக்கூடாது, பாரம் இரு பக்கச் சதையில் இறங்க வேண்டும். ஒரு குதிரையின் மெத்தையை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். படர்தாமரை அப்படித்தான் பரவும், உங்கள் கைக்கும் வரும்.

கோபிக்காமல் இன்னொன்றையும் கேளுங்கள். 1965ஆம் ஆண்டின் பார விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில் மட்டக்குதிரை சுமக்கும் பாரத்துக்கு 70 கிலோதான் வரம்பு. தொண்ணூறு கிலோ ஆளை ஏற்றிவிட்டு மெத்தையைக் குறை சொல்ல முடியாது. புண்ணோடு இருக்கும் குதிரையை வேலைக்கு விடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புண் ஆறுகிற வரை எந்த மெத்தையும் வேண்டாம், லீவு கொடுங்கள். அந்த நாள் வருமானம் போகும், எனக்குப் புரிகிறது.

அந்தத் தம்பியின் சேணத்துக்கு நான் மெத்தை ஏற்றிக் கொடுக்கவில்லை. இருந்த ஸ்பாஞ்சை உருவிவிட்டு ஃபெல்ட் வைத்தேன். சேணமே குதிரைக்குக் குறுகல், அதை மாற்றினால்தான் முழுசாகத் தீரும் என்றும் சொல்லிவிட்டேன்.

நான் தைத்த ரெக்சின் மெத்தை யாரிடம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். பிரித்துத் தைக்கக் கூலி வேண்டாம், ஃபெல்ட் மட்டும் நீங்கள் வாங்கி வந்தால் போதும். சேணத்தை மட்டும் கையில் தூக்கி வராமல் குதிரையையும் கூட்டி வாருங்கள், முதுகைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். சனி, ஞாயிறு உங்களுக்குக் கூட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் வந்தால் எனக்கும் கை ஓய்வாக இருக்கும். மஞ்சள் குஞ்சம் வேண்டுமென்றால் அதையும் வைத்தே தருகிறேன்.