குளத்துக்குப் பறவை எண்ணப் போகிறோம், நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் காலை, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை நம் ஊர்க் குளத்துக்கு நீர்ப்பறவை எண்ண அழைத்துப் போகிறோம். "பரீட்சைக்கு இதெல்லாம் வருமா சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வராது. ஆனாலும் அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஜனவரி தோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. கால் மணி நேரமாவது நின்று, பார்த்ததை மட்டும் பதிந்தால் போதும்.

போன வருஷம் வந்த பிள்ளைகள், வெள்ளையாக எது நின்றாலும் கொக்கு என்றுதான் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அலகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அலகு கறுப்பு, கால்விரல் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. கட்டையான மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பின்னால் நடந்தால் உண்ணிக்கொக்கு. நாமக்கோழிகள் (வெள்ளை நெற்றியுள்ள கறுப்பு நீர்ப்பறவைகள்) தண்ணீரை மூடிக் கிடக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதைப்போல் எத்தனை கூட்டம் என்று கணக்கிட வேண்டும். பீடி சுற்றும் அம்மாக்களுக்கு இது புதிதில்லை, நீங்களும் கட்டுக் கட்டாகத்தானே எண்ணுகிறீர்கள்.

ஒரே கூட்டத்தை எண்ணிய இரண்டு குழுக்களுக்கு வேறு வேறு எண்ணிக்கை வந்தது. யார் சரி என்று பெரிய வாக்குவாதம். அப்புறம் அவர்களே காரணம் தேடினார்கள்: ஒரு குழுவுக்கு வெயில் முகத்தில் அடித்தது, இன்னொரு குழு எண்ணி முடிக்கும் முன் வாத்துகள் இடம் மாறிவிட்டன. ஒரே பக்கம் நின்று, ஒரே நேரத்தில் திரும்ப எண்ணலாம் என்ற யோசனை பிள்ளைகளிடமிருந்தே வந்தது. அறிவியல் பாடத்தை இத்தனை வருஷம் நடத்திய எனக்கு இதைவிட நல்ல வகுப்பு தெரியாது. அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாமல் 'வாத்து, வகை தெரியவில்லை' என்று எழுதவும், பறவையே இல்லாத குளத்தையும் 'இல்லை' என்று பதியவும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஒப்பிட அந்த 'இல்லை'யும் வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நெடுங்கால் உள்ளான்கள் ஏன் கிழக்கு ஓரத்திலேயே நிற்கின்றன என்று கேட்டார்கள். தண்ணீர் முதலில் வற்றுவது எந்தப் பக்கம், எந்த வருஷம் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது என்பதெல்லாம் உங்களுக்கும் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும்தான் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாவதற்கு முன்பே, வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரைகளை அந்த ஊர்க்காரர்கள் காத்து வந்தார்கள். அவர்களுக்கும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆகவே ஒரு பெரியவராவது கூட வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் கூடுவோம், ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவோம். தொப்பி, தண்ணீர், நோட்டு, பென்சில் கொடுத்து அனுப்புங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். நீச்சல் தெரிந்தாலும் யாரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டோம். சம்மதச் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்